மானிப்பாய்ப் புத்தகங்கள்

கிறீன் வைத்தியரின் தமிழ் மருத்துவ நூல்களைத் தேடுகிறவர் முதலில் நூலகப் பட்டியல்களின் குணமறிய வேண்டும். ஓரிடத்தில் கிறீன், இன்னோரிடத்தில் கிரீன். சில பட்டியல்களில் அவர் பெயரே இராது; மூலநூல் எழுதிய ஆங்கிலேயர் பெயருக்குக் கீழே புத்தகம் ஒளிந்திருக்கும். மிஷன்காரர் வெளியீடு என்பதால் ‘இரணவைத்தியம்’ சமய நூல்களுக்கு நடுவே கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே தமிழில் மருத்துவம் கற்பித்தார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் லண்டனில் வெளியானது 1858இல். 14 ஆண்டுகளில், 1872இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகிவிட்டது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் புரட்டிய பிரதியின் தாள் ஓரங்கள் தொட்டாலே அப்பளமாக நொறுங்கின. ராமபாணப் பூச்சி அட்டையில் நுழைந்து, எலும்புகளையெல்லாம் துளைத்துக்கொண்டு தசைகள் வரை போயிருந்தது. ஆனால் பக்கங்களில் ஒரு பென்சில் கோடு இல்லை, விரல் அழுக்கு இல்லை. யாரும் படிக்காததால் பிழைத்த புத்தகம் அது என்று தோன்றியது. மாணவர்கள் மனப்பாடம் செய்த பிரதிகள் உழைத்தே தேய்ந்திருக்கும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் வைத்த தீயை மன்னிக்க முடியாது. அதற்கு வெகுமுன்பே, பாடமொழி ஆங்கிலமாக மாறியதும் இந்தப் புத்தகங்கள் பரணேறத் தொடங்கிவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பரணிலிருந்து இறக்குகிறவர்கள் பெரும்பாலும் பண்டிதர்கள் அல்லர். பழைய தாள் எதையும் விடாமல் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் சேகரிப்புதான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. ஈழத்து நூல்களை மின்னாக்கிவரும் நூலகம் திட்டத்தைத் தாங்குபவர்களும் தன்னார்வலர்களே. மின்பிரதிகளில் எனக்கு ஒரே மனக்குறை: மடித்து ஒட்டிய படத்தாளை விரிக்காமலே படமெடுத்துவிடுகிறார்கள் சிலர். உடற்கூற்றுப் புத்தகத்தில் படம் போனால் மிச்சமென்ன!

கிறீன் 1873இல் ஊர் திரும்பிவிட்டார். ஆனாலும் 1884இல் இறக்கும்வரை தமிழ் வேலையை விடவில்லை. அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. மானிப்பாய் அச்சுச் செலவும் மொழிபெயர்ப்பில் கைகொடுத்த மாணவர்களின் பெயர்களும் வேண்டுமென்றால், அடுத்து அந்தக் கடிதக் கட்டுகளைத்தான் பிரிக்க வேண்டும்.