மேட்டில் மட்டும் வரும் காய்ச்சல்

நான் படித்தது பி.காம். இன்ஜின் சத்தம் போடும், டீசல் குடிக்கும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் 2012-ல் ஒரு லாரி இன்ஜினுக்கு வைத்தியம் பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். என் தங்கையின் நகைகளை அடகு வைத்து, நாமக்கல்லில் மாப்பிள்ளை வாங்கிய பழைய லாரி அது.

ஒருநாள் ராத்திரி பெங்களூருக்கு லோடு. ஒரு கட்டுரைக்காக நானும் தொற்றிக்கொண்டேன். தொப்பூர் மேட்டை ஏறி முடித்ததும் மாப்பிள்ளை ஓரங்கட்டி, கேபினுக்குள் இருந்த பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே டர்போ, கொல்லன் உலையில் கிடக்கிற இரும்பு மாதிரி சிவந்துகிடந்தது. நான் பதறிப்போய் சாவியைக் காட்ட, ''உடனே ஆஃப் பண்ணக் கூடாதுங்க மச்சான். ஆயில் சுத்துனாத்தான் சூடு ஆறும்'' என்றார்.

டேஷ்போர்டில் வெப்ப முள் பாட்டுக்கு சாதுவாக நடுவில் நின்றது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைச் சொல்கிற முள்ளாம். சைலன்சருக்குப் போகிற புகை எவ்வளவு கொதிக்கிறது என்று சொல்ல அந்த வண்டியில் எதுவும் இல்லை. பாரம் இழுக்கும்போது அந்தப் புகை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பிஸ்டன் செய்கிற அலுமினியக் கலவையோ அதற்கு முன்பே உருகிவிடும். அடியில் ஆயில் பட்டுக் குளிர்வதால்தான் தப்பிக்கிறது. எல்லை மீறினால் பிஸ்டனில் ஓட்டை. அப்புறம் லாரியும் இல்லை, நகையும் இல்லை.

முதல் பட்டறையில், ''டர்போ போச்சு'' என்றார்கள். 30,000 ரூபாய். ''மாத்திடுங்க மாப்ள'' என்று வீரமாகப் பணம் கொடுத்தது நான்தான். மாற்றினார்கள். அடுத்த ட்ரிப்பிலும் அதே சிவப்பு. ''அப்ப டீசல் பம்ப்பா இருக்கும், பிரிச்சிடலாம்'' என்றார்கள்.

பயந்துபோய் சங்ககிரியில் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

''புகை என்ன நிறம்?''

''கறுப்புங்க.''

''சமதரையில சூடாகுதா?''

''இல்லைங்க, மேட்டுல மட்டும்தான்.''

''ஏறும்போது வேற ஏதாச்சும் சத்தம்?''

மாப்பிள்ளை யோசித்தார். பின்னால் நின்ற கிளீனர் பையன், ''உஸ்ஸுனு ஒரு சத்தம் வரும்ணா'' என்றான். ''ஏன்டா இத்தனை நாள் சொல்லலை?'' என்றால், ''யாருமே கேக்கலையேணா!''

பெரியவர் எனக்காக விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். டீசல் இன்ஜின் ஒரு பேரேடு. ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். பாரம் இழுக்கும்போது அதற்கு மேலேயே கையிருப்பு இருக்க வேண்டும். டீசல் வரவு அப்படியே இருந்து காற்று வரவு குறைந்தால் கறுப்புப் புகை, கடும் சூடு. காற்று எங்கே குறையும்? ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போ பலவீனமாகியிருக்கலாம். டர்போ அமுக்கி அனுப்புகிற காற்று வழியிலேயே கசியலாம். அவருக்குக் கடைசியில்தான் சந்தேகம். சமதரையில் அமுக்கம் குறைவு, கசிவும் தெரியாது. மேட்டில் அமுக்கம் கூடும், விரிசல் வாயைத் திறக்கும்.

காற்றுப் பாதையின் வாயை அடைத்து, கம்ப்ரசரிலிருந்து அளவாகக் காற்றை விட்டு, இன்டர்கூலர் ரப்பர் ஹோஸ் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். கிளாம்ப்புக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், பொங்கல் பானை மாதிரி நுரை பொங்கியது. விரல் நீள விரிசல்!

புது ஹோஸுக்கும் கிளாம்ப்புக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அன்று ராத்திரியே தொப்பூர் ஏறினோம். மேட்டு உச்சியில் மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கினார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்துத்தான் டர்போவைத் தேட வேண்டியிருந்தது.

கழற்றிப் போட்ட பழைய டர்போவைப் பெரியவர் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, ''இதுக்கு ஒண்ணும் இல்லியே'' என்றிருந்தார். தங்கை வீட்டு மாடிப்படிக்குக் கீழே அது இன்னமும் கிடக்கிறது. போன தீபாவளிக்குப் போனபோதும், ''அண்ணா, உன்னோட 30,000 ரூபாயைப் பார்த்துட்டுப் போ'' என்றாள்.