பொய்க் குறி

கிள்ளானில் இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் சென்ற ஒரு ஞாயிறன்று, எம் பள்ளித் தோழர் எம்முன் ஒரு தாளை நீட்டினார். தியோமான் தீவில் ஸ்கூபா மூழ்கல் பயில விரும்புவோர் நிரப்பவேண்டிய உடல்நிலைப் பத்திரம் அது. 'இளைப்பு நோய் உண்டா?' என்றொரு வினா. சிறு வயதில் இளைப்பினால் இரவெல்லாம் குந்தியிருந்து விடியலைக் கண்டவர் யாம்.

"இல்லையென்று போடப்பா, இதையெல்லாம் எவன் பார்க்கிறான்?" என்றார் தோழர். போட்டோம்.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் பூச்சோங் நினைவு எம்மை விடவில்லை. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி இரவு, தாமான் புத்ரா பெர்டானாவிலுள்ள பழைய ஈயக்குட்டையில் விழுந்த 17 வயதுச் சிறுவனைத் தேடி இறங்கிய தீயணைப்புப் படையினர் 6 பேர் மாண்டனர். பயிற்சியற்றவரோ? அல்லர், நீர்மீட்பே அவர்கள் தொழில். ஒரே கயிற்றில் பிணைந்திருந்த அவர்களை, திடீரெனப் பாய்ந்த வெள்ளம் சுழற்றியடித்து, பூண்டிருந்த கருவிகளையும் பறித்தது. 'விதி' என்று அன்று பலர் சொல்லக் கேட்டோம். விதியை அளக்கக் கோலில்லை. நீரோட்டத்தை அளக்கலாம், அது தணியும்வரை கரையில் நிற்கவும் செய்யலாம்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம்மவர், கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்பதொரு பேச்சு. தங்கை வாழ்வை எண்ணி அவன் அயரமாட்டானாம். (எம் மைத்துனரை நினைக்குங்கால் எமக்கு இதில் சிறிது ஐயமே.) ஆனால் முத்துக்குளிப்போன் மேலே இழுத்த மூச்சோடு சென்று அதே மூச்சோடு மீண்டான். ஸ்கூபாக்காரனோ ஆழத்திலேயே அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலுள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்ததை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால், அக்காற்று இருமடங்காய் விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். மூச்சை அடக்காவிடினும், இளைப்பினால் ஒடுங்கிய குழாய்களில் காற்றுச் சிக்கினால் அதே கதிதான். அந்த வினா அதற்காகவே எழுதப்பட்டது. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் யாமே பொய்க் குறி போட்டோமென்பது வெட்கம்.

மறுநாள் தாளைத் திருப்பிக் கேட்டோம், தோழர் சிரித்தார். வைத்தியர் எம்மைக் குழாயில் ஊதச் சொல்லி அளந்து, இன்னுமொரு சோதனை வேண்டுமென்றார்.

சென்ற வாரம் தோழர் தனியே புறப்பட்டார். அவருக்கு அவ்வப்போது நெஞ்சடைப்பு வருவதை யாம் அறிவோம். அவர் தாளில் நெஞ்சுவலி பற்றிய வினாவுக்கு என்ன எழுதினாரென்று பஸ் நிலையத்தில் கேட்டோம். விடை சொல்லாமல் பையைத் தோளிலேற்றிக்கொண்டார்.