எழுதிக் கொடுக்காத பெயர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவன் நான். அங்கே பசுந்தேயிலை கொண்டுவந்த சிறு விவசாயிகளுக்கு ஒரு நாள் நேர்ந்த நஷ்டத்துக்கு நானே காரணம். இதுவரை இடியின் மேல் பழிபோட்டு வந்தேன்.

ஆபீசுக்குக் கீழே, சரிவில் எடைக் கொட்டகை. கேபிள் இழுக்க வழியில்லாததால் இரண்டு இடத்திலும், கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும் மெஷ் நோட் வைத்தேன். எடைக் கம்ப்யூட்டரிலும் ரசீது பிரிண்டரிலும் ஆபீசில் இருந்த கணக்கு சர்வரின் ஐபி எண்ணையே நேரடியாக அடித்துவிட்டேன். நோடிலேயே சர்வருக்கு 'கணக்கு' என்று ஒரு மாற்றுப் பெயர் கொடுத்திருக்கலாம். எண் மாறினாலும் நோடில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். மற்ற மெஷின்கள் அதே பெயரில் சர்வரைக் கண்டுகொள்ளும். தெரிந்தும் செய்யவில்லை.

எடை போடும் அக்கா ஒருமுறை கேட்டார்: "தம்பி, இந்த நம்பரெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடுங்களேன்."

"நான்தான் இருக்கேனேக்கா" என்றேன்.

எழுதிக் கொடுத்துவிட்டால் என்னைத் தேட மாட்டார்கள் என்ற எண்ணம்தான் அப்படிப் பேச வைத்தது. சோம்பல் என்று சொன்னால் அது பொய்.

ஐப்பசி மழையில் இடி விழுந்து ஆபீஸ் நோட் எரிந்தது. கம்ப்யூட்டர் கடைப் பையன் வேறொன்றை மாட்டிக் கொட்டகையோடு இணைத்தான். அது சர்வருக்கு வேறு வரிசையில் எண் கொடுத்தது, பழைய எண்ணையே தேடிய எடைக் கம்ப்யூட்டருக்குச் சர்வர் கிடைக்கவில்லை. நான் கோவையில், போனை எடுக்காமல் இருந்தேன். கையால் எழுதி எடைபோட ஆரம்பிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. இறுக்கிக் கட்டிய மூட்டைக்குள் பறித்த இலை சூடேறும். நடுவில் கைவிட்டுப் பார்த்தால் சுடும். சிவந்துபோன இலையைக் கழித்துக்கட்டினார்கள்.

பெயர் வைப்பது புதிய விஷயமல்ல. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்தில் கணினிகளின் பெயர்ப்பட்டியலை எலிசபெத் ஃபைன்லரின் குழு ஒரே கோப்பாகப் பராமரித்து எல்லோருக்கும் கொடுத்தது. வலை பெருத்ததும் 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பெயர் என்பது அன்றே முடிவான விஷயம். நான் எண்களைத் தலைக்குள் பூட்டி வைத்துப் பிழைப்பு நடத்தினேன்.

இப்போது மாற்றுப் பெயர்கள் நோடில் இருக்கின்றன. பேக்கப் கோப்பு ஆபீசில் இருக்கிறது. பட்டியலைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று, அக்காவே திருத்துகிறார். ஆனால் கழித்த இலைக்கு விவசாயிகள் என்னிடம் பணம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

நெட்வொர்க் போடும் தம்பிகளே, பெயர் வையுங்கள். பட்டியலை அங்கே வேலை செய்கிறவர்கள் கையில் கொடுத்த பிறகு கூலி வாங்குங்கள்.