கப்பு காலியா இருந்தா தண்ணி சுத்தம்னு நெனச்சேன்

சித்திரை வெயில் எங்க சுந்தரபாண்டியத்துல எப்படி அடிக்கும்னு வத்திராயிருப்புப் பக்கம் வந்து போனவங்களுக்குத் தெரியும். மேற்கே மலை பெருசா நிக்கும், காத்து மட்டும் வராது. அந்த மாசத்துல எனக்குப் பெரிய வேலை கிடையாது. தென்னைக்குச் சொட்டுநீர் விடணும், மாட்டைப் பார்த்துக்கணும். இவருக்கு நேரம் கிடக்குன்னு தெரிஞ்சோ என்னவோ, என் மக அவளோட கடலை என் தலையில கட்டிட்டு ஆறு வாரப் பயிற்சிக்குக் கொச்சிக்குப் போயிட்டா.

கடல்னு சொன்னது, நெல் மூட்டை அடுக்குற அறையில இருக்கிற 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியை. மக தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சவ. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல, கோமாளி மீனைத் தொட்டிக்குள்ளேயே முட்டை போட வச்சுக் குஞ்சு எடுக்கிற முறையை உருவாக்கியிருக்காங்க. "கடல்ல போய்ப் பிடிக்காம வளர்த்தே விக்கலாம்ப்பா"ன்னா. தோப்புக் குத்தகைப் பணத்துல 40,000 குடுத்தேன். அழகுக்கு ரெண்டு பவளம் வைக்கலாமேன்னு கேட்டதுக்கு, வன உயிரினச் சட்டத்துல உள்ள போட்ருவாங்கன்னு சிரிச்சா.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். 200 லிட்டருக்கு 7 கிலோ. நிலத்துல உப்பு ஏறிரக் கூடாதுன்னு ஆயுசு முழுக்கப் பயந்தவன், வீட்டுக்குள்ள 7 கிலோ உப்பைக் கரைச்சு வச்சுக் காவல் காத்தேன். உள்ள நாலே நாலு கோமாளி மீன். குஞ்சுப் பொரிப்பகத்துல இருந்து வாங்கினது. ஒண்ணு மட்டும் மத்ததை விடப் பெருசு. அதுதான் பொட்டையாகப் போகுது, அது சோடி சேர்ந்தாத்தான் தொழிலே ஆரம்பம்னு மக சொல்லிட்டுப் போனா.

தொட்டிக்குக் கீழே இன்னொரு சின்னத் தொட்டி. சம்ப்னு சொல்றாங்க. அதுக்குள்ள நிக்கிற குழாய் மாதிரியான சாமான்தான் இந்தக் கதையில வர்ற புரோட்டீன் ஸ்கிம்மர். பம்பு தண்ணியை இழுக்கிற வாயிலேயே ஒரு மெல்லிசான காத்துக் குழாய் சேரும். காத்தும் தண்ணியும் சேர்ந்து உள்ள போனதும் முள்ளு முள்ளா இருக்கிற சக்கரம் அதை அடிச்சு நொறுக்கி, பால் மாதிரி பொடிக் குமிழியா ஆக்கும். மீனோட கழிவு, தின்னாம விட்ட தீனி, இதுல இருக்கிற புரதமெல்லாம் அந்தக் குமிழிமேல ஒட்டிக்கிட்டு நுரையா மேலே ஏறி, கழுத்து வழியா ஒரு கப்புல விழும். வெல்லம் காய்ச்சும்போது வெண்டைச் சாறு ஊத்தி அழுக்கை மேலே கொண்டுவந்து வழிச்சு எடுப்போமே, கிட்டத்தட்ட அந்த வேலை. அழுகி அம்மோனியாவா மாறுறதுக்கு முந்தியே அழுக்கை வெளியேத்திரும். நம்ம கிணத்துத் தண்ணியில இது சரிவராது. நல்ல தண்ணியில குமிழி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி ஓடிரும். உப்புத் தண்ணியிலதான் பொடிசா நிக்கும்.

கப்புல விழுறது கடுங்காப்பி நிறத்துல இருக்கும். நாத்தம் சொல்லி மாளாது. மூணு நாளைக்கு ஒருதரம் அதைக் கழுவணும்னு செவுத்துல எழுதி ஒட்டிட்டுப் போயிருந்தா.

ஒம்பதாம் நாள் போய்ப் பார்த்தா கப்பு காஞ்சு கிடக்கு. எனக்கு ஒரே சந்தோஷம். அழுக்கே இல்ல, தண்ணி சுத்தமாயிருச்சு, நாம நல்லாத்தான் பார்த்துக்கிறோம்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட பெருமையா வேற சொன்னேன். ரெண்டு நாள் அப்படியே விட்டுட்டேன்.

பன்னெண்டாம் நாள் காலையில தண்ணி அரிசி கழுவின மாதிரி கலங்கியிருந்துச்சு. மூணு மீனு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பெருசு அடியில மல்லாந்து கிடந்துச்சு. கையை விட்டு எடுத்து, எலுமிச்சைச் செடிக்கு அடியில புதைச்சேன். "ஏங்க, பாப்பாகிட்ட சொல்லிருங்க"ன்னு வீட்டுக்காரம்மா சொன்னா. சரின்னு தலையாட்டிட்டு போனைப் போட்டேன். "நுரை ஏறலம்மா"ன்னு மட்டும்தான் வாயில வந்துச்சு.

"பம்பு ஓடுதாப்பா?" ஓடுது. "குழாய்க்குள்ள வெள்ளையா இருக்கா?" இருக்குன்னேன். "கையை உள்ள விட்டீங்களா?" விட்டேன்னு சொன்னேன், எதுக்குன்னு சொல்லல. "தலையில எண்ணெய் தேய்ச்ச கையா?"

அதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டுச்சு. சின்ன வயசுல பதனீர் காய்ச்சுற இடத்துல பார்த்திருக்கேன். பொங்கி வழியப் போற நேரத்துல ஒரு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாங்க. அவ்வளவு பெரிய பொங்கல் அப்படியே அடங்கிரும். எண்ணெய்க்கும் நுரைக்கும் ஆகவே ஆகாது. ஆகா, நாமதான் கெடுத்துட்டோம்னு கப்பையும் கழுத்தையும் வெந்நீர் விட்டுத் துடைச்சு வச்சேன். ஒரு நாள்ல எண்ணெய் போயிரும், பொறுங்கன்னா. பொறுத்தேன். ஒண்ணும் ஏறல. யோசிச்சுப் பார்த்தா, நான் கையை விட்டதே மீனு செத்த பெறகுதான். கப்பு காஞ்சது அதுக்கு மூணு நாள் முந்தி. இதை அவகிட்ட விளக்கணும்னா மீனு செத்ததைச் சொல்லணும்.

மறுநாள் மோட்டாருக்குக் காயில் கட்டுற தம்பியைக் கூட்டிட்டு வந்தேன். "அண்ணே, உள்ளங்கை அளவு பம்புக்கா கூப்பிட்டீங்க"ன்னு கேலி பண்ணினாலும், சக்கரத்தைக் கழட்டிப் பார்த்து, சுண்ணாம்பு மாதிரி பூத்திருந்ததை எலுமிச்சஞ்சாறுல ஊறப்போட்டுச் சுரண்டி மாட்டினாரு. பம்பு நல்லா வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. நுரை மட்டும் வரல. சம்ப்ல மட்டம் இறங்கினாலும் நுரை ஏறாதுன்னு மக சொன்னா. வெயிலுக்கு ஆவியானதுக்கு நல்ல தண்ணியா ஊத்தி, அவ போட்டிருந்த கோட்டுக்குக் கொண்டுவந்தேன். உப்பு ஆவியாகாதே, அதனால உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது. அதுக்கும் அசையல. மூணு மீனும் மேலேயே நின்னுச்சு.

அன்னைக்கு ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் தோப்புக்குப் போனேன். தென்னைக்கு உரம் விட வெஞ்சுரி மாட்டியிருக்கேன். குறுகின கழுத்துல தண்ணி வேகமாப் போகும்போது, பக்கத்துக் குழாய் வழியா வாளியில கரைச்ச உரத்தை உறிஞ்சும். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா வாளி அப்படியே இருக்கு. மோட்டார் ஓடுது, சொட்டு விழுது, உரம் மட்டும் போகல. இதெல்லாம் எனக்குப் பழகினதுதான். கரையாத பொட்டாஷ் மண்டி உறிஞ்சுற வாயில அடைச்சிருந்துச்சு. குச்சியை விட்டுக் குத்தி எடுத்தேன். எடுத்த கையோட டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். ரெண்டு நாளா தண்ணி போற வழியைத்தான் பார்த்தோம். காத்து போற வழியை யாருமே பார்க்கல.

வீட்டுக்கு வந்து அந்தக் காத்துக் குழாயைப் பிடுங்கினேன். பம்போட சேர்ற இடத்துல, ஊசி நுழையிற அளவு ஓட்டைய விட்டுட்டு மத்ததெல்லாம் வெள்ளைக் கட்டியா உப்பு. காத்து போயிட்டே இருக்கும், தெறிக்கிற தண்ணி காயும், உப்பு நிக்கும். நாள்பட நாள்பட மூடிக்கும். மக வெள்ளையா இருக்கான்னு கேட்டப்ப நான் இருக்குன்னுதானே சொன்னேன்? இருந்துச்சு. ஆனா முன்னாடி பாலா இருந்தது, இப்ப மோர்த்தண்ணியா இருந்துச்சு. அதைச் சொல்லத் தெரியல எனக்கு.

குழாயைத் திரும்ப மாட்டி, மறுமுனையை ஒரு டம்ளர் வெந்நீருக்குள்ள விட்டேன். பம்பு அந்த வெந்நீரை உறிஞ்சுச்சு. ரெண்டு டம்ளர் போனதும் உப்பு கரைஞ்சு 'சர்ர்ர்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இத்தனை நாளா இல்லாததே எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. கொஞ்ச நேரத்துல கழுத்துல நுரை ஏறி, ஏறின வேகத்துல கப்பு நிறைஞ்சு தரையெல்லாம் வழிஞ்சிருச்சு. நெல் மூட்டையை ராத்திரி ஒரு மணிக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் இழுத்து நகட்டினோம். அவ திட்டினதை இங்கே எழுத முடியாது. மட்டத்தை ஒரு திருகு கீழே இறக்கி வச்சதும் அடங்குச்சு. விடியும்போது கப்புல ரெண்டு விரக்கடை கடுங்காப்பி. அந்த நாத்தத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் நானாத்தான் இருப்பேன்.

காலையில மகளுக்குப் போன் போட்டு முதல்ல உப்புக் கதையைச் சொன்னேன். "சூப்பர்ப்பா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க"ன்னு கேட்டா. அப்புறம்தான் பெருசு செத்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு பார்த்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, முதல்ல நாப்பது லிட்டர் தண்ணியை மாத்தச் சொல்லியிருப்பேன்ப்பா. அம்மோனியா பார்க்கச் சொல்லியிருப்பேன். மத்த மூணும் மூணு நாள் அந்தத் தண்ணியிலயா கிடந்துச்சு?"

ஆமான்னேன். திட்டுவான்னு எதிர்பார்த்தேன். உப்பு எவ்வளவு கரைக்கணும், எத்தனை வாளி, எந்த வேகத்துல ஊத்தணும்னு வரிசையாச் சொன்னா. செவுத்துத் தாள்ல எழுதிக்கிட்டேன். வாரம் ஒருதரம் காத்துக் குழாய்க்கு வெந்நீர்னு நானா ஒரு வரி சேர்த்தேன். போனை வைக்கிறதுக்கு முந்தி, பொட்டை செத்துட்டா அடுத்த பெரிய மீனு தானே பொட்டையா மாறும்னு சொன்னா. கோமாளி மீனுல அப்படியாம். எவ்வளவு நாளாகும்னு கேட்டேன். "மாசக்கணக்காகும்ப்பா."

இப்ப தினமும் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, தொட்டி முன்னாடி நின்னு மூணுல எது பெருசுன்னு பார்க்கிறேன். இன்னும் எனக்கு வித்தியாசம் தெரியல.