நாயுடன் ஒரு கூடாரப் பயணம்

வளர்த்த நாயை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரயாணம் புறப்பட நம்மிற் பலருக்கு மனம் வருவதில்லை. அமெரிக்காவில் அதனையும் காரில் ஏற்றிச்சென்று, தேசியப் பூங்காக்களிற் கூடாரமடித்துத் தங்குவோர் பலர். ஆயினும், "நாய்க்கு இடமுண்டா?" என்று வினவுதல் மட்டும் போதாது. கூடாரத்துக்கு அப்பால் அது எங்கே நடக்கலாம் என்பதையும் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1872இல் அமைக்கப்பட்ட யெலோஸ்டோன் பூங்காவை நோக்குவோம். கூடாரத் திடலுக்குள் நாய் வரலாம். ஆனால், 6 அடிக்கு மேற்படாத வாரிற் பிணித்திருத்தல் வேண்டும். தெருவிலிருந்தும் திடலிலிருந்தும் 100 அடிக்கு அப்பாற் செல்லலாகாது. காட்டுப் பாதைகளும், வெந்நீரூற்றுகளினருகே செல்லும் பலகைப் பாதைகளும் அதற்கு விலக்கு. தனியே கட்டிவைத்துச் செல்லவும் முடியாது. ஆகவே, குடும்பத்தவருள் ஒருவர் மாறி மாறி அதனுடன் தங்கவேண்டும்.

இவ்விதிகள் வீணானவையல்ல. கரடியும் ஓநாயும் உலாவும் காடு அது. 1981இல் வாகனத்திலிருந்து தப்பியோடிய நாயொன்று, 94 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஊற்றினுட் பாய்ந்தது. அதனைக் காக்கக் குதித்த 24 வயது இளைஞரும் நாயும் மாண்டனர்.

மேயின் மாநிலத்து அக்கேடியாப் பூங்காவின் இயல்பு வேறு. பிளாக்வூட்ஸ், சீவோல் திடல்களில் நாயுடன் தங்கலாம். 1913 முதல் 1940 வரை ரொக்பெல்லர் இளையவர் அமைப்பித்த குதிரைவண்டிப் பாதைகளில் 45 மைல் இப்பூங்காவினுள் உள்ளன. அவற்றில் வாரிற் பிணித்த நாயுடன் தாராளமாக உலாவலாம். ஏணி வைத்த செங்குத்துப் பாதைகளே விலக்கு.

வெந்நீரூற்றுகளைக் காண விரும்புவோர் நாயை வீட்டில் விட்டுச் செல்வதே நன்று. நாயுடன் நாள் முழுதும் நடக்க விரும்புவோர்க்கு அக்கேடியாவே ஏற்ற இடம்.