வேலை நின்ற கத்திகள்

கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் ராமகுப்பத்தில் முதலில் ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம், "எந்தக் கட்சி?" என்பார்கள். ஸ்டாம்பு சேர்க்கிறவனுக்கும் பழைய காசு சேர்க்கிறவனுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பீரோவின் கீழ்த்தட்டில் இருப்பதை எடுத்துப் பரப்பினால் அந்தப் பார்வை சட்டென்று ஏமாற்றமாக மாறிவிடும். ஈச்ச மரம் சீவினது, பட்டுப்புழுவுக்கு இலை நறுக்கினது, செருப்புத் தோல் அறுத்தது, பாக்குவெட்டி, கைப்பிடி இல்லாத கதிர் அரிவாள், எங்கள் அவ்வாவின் அறுவாமணை. "இதையா பூட்டி வெச்சிருக்கே?" என்று எழுந்து போய்விடுவார்கள்.

அறுவாமணையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று சொல்லலாம். எனக்கு விவரம் தெரியும்போதே அதன் அலகு நடுவில் உள்வாங்கியிருந்தது. நுனியும் அடியும் மட்டும் பழைய அகலத்தில் இருந்தன. அத்தனை வருஷமும் காய் அந்த ஒரே இடத்தில்தான் பட்டிருக்கிறது. மாசி பங்குனியில் புளி வந்து இறங்கினால் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் எங்கள் தாழ்வாரத்தில்தான் உட்காருவார்கள். பலகையை வலது காலால் அழுத்திக்கொண்டு அவ்வா பேசிக்கொண்டே இருப்பாள். கை தன்பாட்டுக்குப் போகும். புளி பட்டுப் பட்டு இரும்பு கறுத்துக் கிடக்கும். வாய் ஓரத்தில் ஒரு மயிரிழை மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

கறுப்பைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். கத்தி வாங்க ஆரம்பிக்கிறவர்கள் பளபளப்பைத்தான் தேடுகிறார்கள். எவர்சில்வர் கத்தி பளபளக்கும், துருப்பிடிக்காது, சரி. பழைய கரிம எஃகுக்கு வேறு சுபாவம். எங்கள் பக்கத்துத் தோத்தாபுரி மாங்காயைக் காயாக இருக்கும்போது நறுக்கினால், சாறு பட்ட இடம் அரை மணியில் நீலமாகி அப்புறம் சாம்பல் கறுப்பாகும். அது அழுக்கல்ல. அந்தப் படலம் ஏறிய கத்தியில் செந்துரு அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. புதுக் கத்தி வந்தால் மாங்காய்க் காலத்தில் வீட்டு ஊறுகாய் முழுவதையும் அதால்தான் நறுக்குவேன். பழைய கத்தி வாங்கியவர்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கிக் காட்டும்போது எனக்கு வயிறு எரியும். ஐம்பது வருஷச் சமையலைத் துடைத்து எறிந்துவிட்டு, ஐந்து ரூபாய்த் தகட்டைக் கையில் வைத்திருப்பார்கள்.

அவ்வாவின் அறுவாமணை அலகை அடித்துக் கொடுத்தது சந்தைக்குப் போகிற வழியிலிருந்த கொல்லுப்பட்டறை. கூரை தாழ்வு, உள்ளே இருட்டு. ஆசாரி கஞ்சத்தனத்தால் அப்படி வைத்திருக்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தோம். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் தெரியாது என்பது பின்னால் தெரிந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித்தான் எல்லாம் செய்வார். கொடுவாள், அறுவாமணை அலகு, கடப்பாரை நுனி எல்லாவற்றுக்கும் அதே பட்டை. "இன்னாத்துக்குடா வாயைப் பொளந்துக்கினு நிக்கிறே, ஊது" என்று துருத்திக் கயிற்றை என் கையில் கொடுத்துவிடுவார்.

தோய்ச்சல் போடுவதைப் பார்க்கத்தான் ஊதிக்கொண்டிருப்பேன். செக்கச்செவேலென்ற அலகின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார். முதுகில் சூடு மிச்சம் இருக்கும். சாணைக்கல் துண்டால் வாயோரத்தை ஒரு இழுப்பு இழுத்து வெள்ளையாக்குவார். அந்த வெள்ளையில் நிறம் ஓடி வரும்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, விட்டால் நீலம். முதுகின் சூடு மெல்ல வாய்க்கு இறங்குவதுதான் அந்த ஓட்டம். அறுவாமணை என்றால் வைக்கோலிலேயே நிறுத்தி மறுபடி தண்ணீரில் போட்டுவிடுவார். மரம் வெட்டுகிற கொடுவாள் என்றால் கத்தரிப்பூ வரும்வரை விடுவார். இல்லாவிட்டால் கட்டையில் விழுந்ததும் வாய் உடையும். வெப்பமானி கிடையாது, கடிகாரம் கிடையாது. நிறம் ஓடுகிற அந்தச் சில நொடிகளில் யாராவது பேசினால் மட்டும் கெட்ட வார்த்தை வரும்.

மைக்கேல் ஃபாரடேயின் அப்பாவும் ஒரு கொல்லர் என்று படித்தபோது எனக்கு இந்தத் துருத்திக் கயிறுதான் ஞாபகம் வந்தது. மின்சாரத்துக்கு முன்னால் ஃபாரடே கொஞ்ச காலம் நம் இரும்போடு மல்லுக்கட்டியிருக்கிறார். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகை ஐரோப்பியர்கள் வூட்ஸ் என்றார்கள். அதைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்கிறவரும் ஃபாரடேயும் சேர்ந்து, அதன் சூட்சுமம் என்னவென்று பார்க்க எஃகில் வெள்ளி முதல் பிளாட்டினம் வரை கலந்து சோதித்து, 1820-இல் வெளியிட்டார்கள். இத்தனைக்கும் அந்த எஃகு பிறந்த இடங்களில் சில எங்களுக்குத் தூரமில்லை. தமிழ்நாட்டில் மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. தெலங்கானாவின் கோணசமுத்திரத்துக்குப் பாரசீக வியாபாரிகளே நேரில் வந்து எஃகுக் கட்டிகளை வாங்கிப் போனார்கள். 1800-இல் மதராஸிலிருந்து மைசூர்ச் சீமையைப் பார்க்கக் கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன் எங்கள் பக்கத்து வெங்கடகிரிகோட்டை வழியாகத்தான் மேலே ஏறினார். அந்த மைசூர்ச் சீமையின் சன்னபட்டணத்தில் வாத்தியங்களுக்கு எஃகுத் தந்தி இழுப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். வூட்ஸில் அடித்த வாள்களின் பேரைக் கடன் வாங்கி, இன்றைக்கு "டமாஸ்கஸ்" என்று அலை அலையாகக் கோடு போட்டு விற்கும் கத்திகளுக்கும் அந்த எஃகுக்கும் சம்பந்தமே இல்லை. இது இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் முக்கிக் கோட்டை எழுப்புவது. நல்ல கையில் அதுவும் நல்ல கத்திதான். ஆனால் மலிவாகக் கிடைத்தால் கோட்டைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் நானும் கடைக் கத்திகள் வாங்கினேன். குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய் வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அந்த ஓய்வையும் சிக்பேட்டைப் பக்கம் கூடுகிற பழைய சாமான் சந்தையில் கழித்தேன். விக்டோரினாக்ஸ் மடக்குக்கத்தி ஒன்று கிடைத்தது, திருப்புளி முனை உடைந்து. பிரான்சின் சவாய் மலைப் பக்கத்தில் 1890-இல் ஜோசஃப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக்கத்தி ஒன்றைப் புதிதாகவே வாங்கினேன். அலகில் கிரீடம் வைத்த கை முத்திரை, கழுத்தில் சுழற்றிப் பூட்டுகிற வளையம். இன்றும் ஆப்பிள் அறுக்க அதுதான். அருமையான கத்தி. ஆனால் அதே கத்தி அதே அச்சில் உலகமெங்கும் லட்சக்கணக்கான பைகளில் இருக்கிறது. அதில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. பணம் இருந்தால் ஒரே வாரத்தில் நூறு கத்தி சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்தவர்களின் அலமாரிகளைப் பார்த்திருக்கிறேன். கடையைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

ஈச்ச மரக் கத்திக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கள் இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் அதை இடுப்பில் மர உறையில் வைத்திருப்பார். பனையில் பாளையைச் சீவுவார்கள். ஈச்ச மரத்தில் கழுத்தையே சீவ வேண்டும். சீவல் தாள் கனத்தில் விழவேண்டும். ஆழமாகப் போனால் மரம் செத்துவிடும். அதனால் அந்த அலகு அகலமாக, மெல்லிசாக, ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கும். கல்லில் தீட்டமாட்டார். பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அதன்மேல் படுக்கவைத்துத் தேய்ப்பார். விலைக்குக் கேட்டபோதெல்லாம் சிரித்தார். "இத்த குடுத்துட்டு நான் பல்லாலயா சீவறது, நைனா?" முழங்கால் மடங்காமல் போய், மகனும் பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு அவரே ஆள் அனுப்பினார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

வேலை செய்கிற கத்தியை யாரும் தரமாட்டார்கள் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. என் பீரோவுக்கு ஒன்று வருகிறதென்றால் எங்கோ ஒரு தொழில் நின்றிருக்கிறது. பட்டுப்புழு இலைக் கத்தி அப்படித்தான் வந்தது. முட்டையிலிருந்து வந்த பொடிப்புழுவுக்கு மல்பெரி இலையைச் சன்னமாக நறுக்கித் தூவ வேண்டும். ராத்திரி பத்து மணிக்கும் வீடு வீடாக நறுக்குகிற சத்தம் கேட்கும். இப்போது இளம்புழு வளர்க்கிற சாக்கி சென்டரில் இரண்டு தோல் உரித்த புழுவாகவே வாங்கி வருகிறார்கள். அதற்குக் கிளையோடு வெட்டிப் போட்டால் போதும். நல்லதுதான், பெண்களுக்குத் தூக்கம் மிச்சம். நறுக்குகிற கத்திகள் மட்டும் பரண் ஏறின. நான் கேட்டுப் போன வீடுகளில் வைத்துக்கொள் என்று கொடுத்தார்கள்.

பெரிய இடத்துக் கதையும் இதேதான். தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையில் நாயக்கர், மராட்டியர் காலத்துக் கட்டாரிகளும் வாள்களும் குவியல் குவியலாகக் கிடந்தன. 1855-இல் ராஜ்யத்தைக் கும்பினி எடுத்துக்கொண்டது. 1863 வாக்கில் ஆயுதங்கள் திருச்சிக்கு வந்தன. பொறுக்கியெடுத்த கொஞ்சத்தை மதராஸ் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878-இல் இதை எழுதி வைத்தார். எழும்பூரிலுள்ள அந்த மியூசியத்தில் கட்டாரிகளின் முன் நின்றால் பிடியின் வேலைப்பாட்டைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு உடைந்தவற்றின் மேல்தான் நினைப்பு ஓடும். அத்தனை எஃகும் எந்தப் பட்டறையில் எந்த வண்டியின் பட்டாவாகப் போயிற்றோ.

சட்டத்தையும் கேட்பார்கள், போலீஸ் பிடிக்காதா என்று. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அறிவியலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு. குத்துவாளும் ஈட்டியும் இந்த விலக்கில் வராது. அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும். அதனால் என் முழநீளக் கொடுவாள் சாது, பக்கத்து ஊர்க்காரர் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளிப்பூண் போட்ட குத்துவாள்தான் வம்பு. நான் சண்டைக்கென்று செய்த எதையும் வாங்குவதில்லை. பயத்தால் மட்டும் இல்லை. அதில் தேய்மானம் இருக்காது.

வைத்திருப்பதுதான் வேலை. தோலுறையில் போட்டு மூடி வைக்கக் கூடாது என்று வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்த மாமா சொன்னார். தோல் ஈரத்தை இழுக்கும். பதனிட்ட உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும். இரண்டும் சேர்ந்து அலகைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பரவாயில்லை, க்ரோம் தோல் ஆகவே ஆகாது என்பார். வெளியே எடுத்துப் போனால் உறை, வீட்டுக்கு வந்தால் துணி. தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுக்கு ஏறும். நான் தையல் மிஷின் எண்ணெய் போடுகிறேன். சமையல் கத்திக்கு மட்டும் தேங்காயெண்ணெய். தீட்டுகல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத விளிம்பில் இழுத்தால் காய் நறுக்குகிற அளவுக்குக் கூர் வந்துவிடும்.

ஆசாரியின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது அவர் மகன் கேட்டும் கிரில்லும் செய்கிறார். உலை இல்லை, வெல்டிங். லாரிப் பட்டையில் ஒரு அறுவாமணை அலகு செய்து தரமுடியுமா என்று கேட்டேன். கிரைண்டரில் வெட்டிச் சீவிக் கொடுத்தார், சுத்தமான வேலை. ஆனால் வேகத்தில் சூடேறி வாய் நீலம் பாய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "அப்பா இருந்திருந்தா குறட்டாலயே அடிச்சிருப்பாரு" என்றார் அவரே. மறு வாரம் மூலையில் அடுப்புக்கரி கொட்டி, ஹேர் டிரையரை வைத்து ஊதி, வேறொன்று செய்து தந்தார். அது வைக்கோல் நிறத்தில் நின்றிருந்தது. தினமும் எங்கள் வீட்டு அடுப்படியில் ஓடுகிறது, சேகரிப்பில் சேராது.

சேகரிப்பில் இருந்தும் சேராத இன்னொன்று எதிர்வீட்டு மாமாவுடையது. ஜாத்திரைக் கத்தி. எங்கள் பக்கத்தில் மே மாதம் கங்கம்மா ஜாத்திரை வந்தால் ஊர் ஊராகக் கிடா வெட்டு நடக்கும். அவர் வீட்டுக் கத்திக்கு மூன்று தலைமுறை வயது. கைநடுக்கம் வந்ததும் என்னிடம் விற்றார், நல்ல விலைக்கே. அடுத்த மே மாதம் வாசலில் வந்து நின்றார். "கத்தியை எடு." விற்றுவிட்டீர்களே மாமா என்றேன். "உங்கிட்ட வித்தேன். கங்கம்மாகிட்டச் சொல்லலியே." தம்பி மகனிடம் கொடுத்து வேலை முடித்து, மஞ்சள் குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வருஷா வருஷம் இதே கூத்து. நிரந்தரமாக எடுத்துக்கொள்ளுங்கள், பணமும் வேண்டாம் என்று போன தடவை சொல்லிப் பார்த்தேன். கட்டை விரல் நகத்தில் வாயை வைத்துச் சோதித்தபடி தலையாட்டினார்.

"எங்க வீட்ல வெச்சா பசங்க வித்துருவானுங்க. உன் பீரோலயே இருக்கட்டும். ஆனா அடுத்த வாட்டி நீ தீட்டாதே. ரொம்ப மெல்லிசா இழுத்து வெச்சிருக்கே, எலும்புல பட்டா வாய் உதுந்துரும்."