கரும்புகை சொன்ன பாடம்

பிறர்மீது தீய எண்ணம் கொள்ளலாகாது என்று மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடம் சொல்லி வருகிறோம். அப்பாடத்தை நாம் உணர்ந்து கற்றதோ இராமநாதபுரத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் வாசலில்.

நம்மிடமுள்ள புல்லட் 1984ஆம் ஆண்டு வண்டி. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் 20ஐத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதனை இரவல் வாங்கிச் செல்பவன் நம் தங்கை மகன். பெட்ரோலை அவன்தான் எடுக்கிறான் என்று மனம் தீர்ப்பெழுதிவிட்டது. வாய் திறந்து கேட்கவில்லை. சாவியை மட்டும் ஒளித்து வைத்தோம். "மாமா, என் மேல கோபமா?" என்று அவன் கேட்டபோதும் மறுமொழி கூறவில்லை.

பின்னொரு நாள், 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கையில், பின்னால் வந்தவர் நம் வண்டியின் கரும்புகையைச் சுட்டிக்காட்டினார். மறுநாளே பட்டறைக்குச் சென்றோம்.

பட்டறைக்காரர் எந்தத் திருகையும் திருப்பவில்லை. முதலில் பிளக்கைக் கழற்றினார். "பாருங்க ஹஜரத், காய்ஞ்ச கரி" என்றார். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். வெளிறினால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கேறிப் புகையும் நீலமானால் பிஸ்டன் வளையத் தேய்மானம். உலர்ந்த கரியும் கரும்புகையும் சேர்ந்தால் பெட்ரோல் மிகுதி. பெட்ரோல் ஒரு பங்கு முழுதும் எரிய, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் எரியாத மிச்சம் கரியாகிறது.

யூனானி ஹகீம் நோயாளியின் நாவைப் பார்ப்பது நம் நினைவுக்கு வந்தது. உடலின் இயல்பைக் குறிக்கும் 'மிஸாஜ்' எனும் அரபுச் சொல், 'கலத்தல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததன்றோ! கார்புரேட்டரின் வேலையும் அளவறிந்து கலப்பதே.

அடுத்து சோக்கைச் சோதித்தார்; அது முழுதும் மூடியே இருந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தார். கடற்கரை மணலும் தூசியும் அடைத்திருந்தன. அது நம் அசட்டை. அதனைத் துப்புரவாக்கிய பின்னும் கார்புரேட்டரின் வடிகுழாயில் பெட்ரோல் சொட்டியது. மிதவை அறையைத் திறந்து, ஊசியின் முனையை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். தேய்ந்து வளையமாய்ப் பள்ளம் விழுந்திருந்தது. மிதவை உயர்ந்தும் வழி அடைபடவில்லை. அறையில் மட்டம் ஏறி, மிகுதியானது இஞ்சினுக்குள்ளும் வெளியிலும் போயிருக்கிறது. பெட்ரோல் குழாயை மூடாமல் வண்டியை மணலில் நிறுத்துவது நம் வழக்கம். சொட்டியதையெல்லாம் மணல் குடித்துவிட்டது. பழியை நாம் பிள்ளைமேல் போட்டோம்.

ஊசி மாற்றிய பின் கணக்குப் பார்த்தோம், மீண்டும் 30. அன்று அஸருக்குப் பின் தங்கை வீட்டுக்குச் சென்று, சாவியை அவன் கையில் வைத்து, நெஞ்சில் இருந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தலை கவிழ்ந்தவாறே, "எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்றான்.

ஓர் இரும்பு வண்டியின் குறையைச் சொல்லுமுன் அந்தத் தொழிலாளி நான்கு இடங்களைத் திறந்து பார்த்தார். ஒரு பிள்ளையின் மீது குற்றம் சுமத்துமுன் நாம் ஓரிடத்தையும் பார்க்கவில்லை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.